ஊர்க் கணக்கை முடிக்காதீர்கள்

(தைத் திருவிழாவை ஒட்டி நம் சங்கத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வெளியூர் உறுப்பினர்களுக்காகச் சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஊர்ப்பாசம்'. ஆறு, குளம், கோயில், அம்மா வைத்த தீயல் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. ஊர்ப்பாசத்தையும் அப்படியே பார்க்கிறேன்.

முதலில் செலவு. வங்கியில் கிளார்க்குக்குப் பதவி உயர்வு என்றால் ஆபீசர். ஆபீசர் என்றால் டிரான்ஸ்பர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கட்ட வேண்டும். அசாமாகவும் இருக்கலாம், குஜராத்தாகவும் இருக்கலாம். எங்கள் காலத்தில் இந்தப் பக்கத்துக்காரர்கள் பலர் பரீட்சையே எழுதவில்லை. எழுதித் தேறியவர்களிலும் சிலர் 'வேண்டாம்' என்று கடிதம் கொடுத்தார்கள். நானும் எழுதாதவர்களில் ஒருவன். ஓய்வூதியத்தில் அதன் வித்தியாசம் மாதாமாதம் தெரிகிறது. தெரிந்தேதான் அந்த முடிவை எடுத்தேன். ஊர்ப்பாசம் இலவசம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதைச் சொன்னேன். ஊரை விட்டுப் போனவர்களும் விலை கொடுத்தார்கள், தங்கியவர்களும் கொடுத்தோம்.

அப்படி என்னதான் இந்த ஊரில் இருக்கிறது? நான் வேலையில் சேர்ந்த புதிதில் நான்கு வருடம் தர்மபுரிப் பக்கம் இருந்தேன். நல்ல மனிதர்கள். ஆனால் ராத்திரி தூக்கம் வராது. கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கவில்லை என்பதுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சில மாதம் ஆயிற்று. சாப்பாட்டில் கஞ்சியும் காணத் துவையலும் சுட்ட பப்படமும் இல்லாத குறை வேறு. பிறகு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்தார். நம் ஆனி ஆடிச் சாரல் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "சார், துணி காயவே மாட்டேங்குது. ஒருவாய் களி கிடைச்சா போதும் சார்" என்பார். நம் ஊர் உயர்ந்தது, அதனால் நமக்குப் பாசம் என்று இல்லை. அவரவர் வளர்ந்த மண் அவரவர் உடம்பில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இந்தப் பாசம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. நாஞ்சில் என்றால் கலப்பை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டே தாலுகாக்கள். அதற்கு 'நாடு' என்று பெயர். கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாய். வடக்கே மலை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைக்கிற இடம். அதனால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு நெல். திருநெல்வேலியில் இருந்து பஸ்ஸில் வரும்போது காவல்கிணறு வரை வெயில் காயும். கணவாயைத் தாண்டியதும் காற்று மாறும், மண்ணின் நிறம் மாறும். தூங்கிக்கொண்டு வருகிறவன்கூட அந்த இடத்தில் கண்ணை விழிப்பான். நீங்களும் விழித்திருப்பீர்கள்.

இரண்டாவது காரணம் சரித்திரம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரில், பிறகு திரு-கொச்சியில் இருந்தோம். தமிழ் பேசினாலும் மலையாள ராஜ்யம். திருவனந்தபுரத்தில் நம்மைப் 'பாண்டி' என்றார்கள். சென்னைக்குப் போனால் நம் பேச்சைக் கேட்டு, "நீங்க மலையாளமா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் விருந்தாளியாக நடத்தப்பட்டவனுக்குத் தன் வீட்டுத் திண்ணைமேல் பிடிப்பு அதிகம் இருக்கத்தானே செய்யும்?

இந்தப் பிடிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். இதே தோவாளை தாலுகா வீரநாராயணமங்கலத்தில் 1947இல் பிறந்தவர் 1972இல் வேலைக்காகப் பம்பாய் போனார். பதினேழு பதினெட்டு வருடம் அங்கே இருந்தார். 1989இல் மாற்றலாகிப் போனதும் ஊருக்கு இல்லை, கோயம்புத்தூருக்கு. ஆனால் எழுத வந்தபோது அவர் வைத்துக்கொண்ட பெயர் நாஞ்சில் நாடன். முதல் நாவலான 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வந்தபோது அவர் இருந்தது பம்பாய். கதை நடப்பது நம் வயல்காட்டிலும் அடுக்களையிலும். சாகித்ய அகாதெமி விருது 2010இல் வந்தது. எழுதிய காலமெல்லாம் வெளியூர். எழுதியதில் பெரும்பகுதி இந்த ஊர்.

இது நம் ஊர் விசேஷம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஹவுஸ்மன் என்று ஒரு கவிஞர். ஷ்ராப்ஷயர் என்ற கிராமப்புற மாவட்டத்தைப் பற்றி 1896இல் அவர் வெளியிட்ட கவிதைப் புத்தகத்தை இன்றும் ஆங்கிலேயர்கள் படிக்கிறார்கள். அவர் அந்த மாவட்டத்தில் பிறந்தவரே இல்லை, பக்கத்து வொர்செஸ்டர்ஷயர்காரர். சிறு வயதில் மேற்கே அடிவானத்தில் தெரிந்த மலைகள்தான் ஷ்ராப்ஷயர் மலைகள். அந்தக் கவிதைகளில் பெரும்பாலானவற்றை எழுதும்போது அவர் இருந்தது லண்டனில். 1936இல் இறந்தபின் அவருடைய அஸ்தியை லட்லோ என்ற ஷ்ராப்ஷயர் ஊரின் தேவாலயத்தில் வைத்தார்கள். தள்ளியிருந்து பார்த்த மலையில் போய்ச் சேர்ந்தார்.

இதற்கு நேர்மாறாகவும் உண்டு. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சின் என்ற வெள்ளைக்காரப் பொறியாளரை நம் பெரியவர்கள் 'மூக்கன் துரை' என்பார்கள். அவர் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. அணைக்குப் பக்கத்திலேயே அவர் கல்லறை இருக்கிறது. நம் வயல்களுக்குத் தண்ணீர் அவர் கட்டிய அணையில் இருந்து வருகிறது. பிறந்ததால் ஓர் ஊர் நம்முடையது ஆகலாம். அதற்கு ஏதாவது செய்ததாலும் ஆகலாம்.

நம் பூதப்பாண்டியிலேயே 1907இல் பிறந்தவர் ஜீவா. பெற்றோர் வைத்த பெயர் சொரிமுத்து. சிறு வயதிலேயே ஊரை விட்டுப் போனவர். சாதி பார்த்த ஊரோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர். பிறகு தமிழ்நாடு முழுவதும் அவருக்கு ஊரானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊர் எல்லாருக்கும் ஒரே மாதிரி இனிப்பாக இருந்ததில்லை. சிலருக்குத் தெருவில் நடக்கவே உரிமை இல்லாமல் இருந்தது. 'அந்தக் காலம்போல வருமா' என்று நாம் பேசும்போது, யாருடைய அந்தக் காலம் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது.

இனி வரவுப் பக்கம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

என் கவுண்டருக்கு வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் தேருக்கு வரும்போது, சிலர் வருவார்கள். மும்பை, துபாய், பெங்களூர் என்று இருப்பவர்கள். சேமிப்புக் கணக்கில் ஆயிரமோ இரண்டாயிரமோ கிடக்கும். ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டு, பாஸ்புக்கை வரவு வைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். "அங்கேயே கணக்கு இருக்கே, இதை முடிச்சிரலாமே" என்று கேட்டால், ஒரே பதில்தான்: "கெடக்கட்டும் அண்ணாச்சி." அந்தக் கணக்கில் பணம் இல்லை. அதில் இருந்தது ஊர் முகவரி.

ஆனால் வங்கிக்கு ஒரு விதி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் அது இயங்காக் கணக்கு. பத்து வருடம் யாரும் கேட்காவிட்டால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உங்கள் பாசத்தை விதி பார்ப்பதில்லை. நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்றுதான் பார்க்கும். ஊரும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாட்ஸாப்பில் வயல் படத்தை அனுப்புவது பரிவர்த்தனை ஆகாது.

நீங்கள் வெளியூரில் இருந்து நினைக்கிற பூதப்பாண்டியும் நாங்கள் இங்கே பார்க்கிற பூதப்பாண்டியும் வேறு வேறாகிக்கொண்டு வருகின்றன. உங்கள் நினைவில் பத்து முழுக்க நெல் நிற்கிறது. இங்கே பத்துக்கு நடுவில் கல் நட்டு, மண் அடித்து, பிளாட் போடுகிறார்கள். ஒரு வயலில் மண் அடித்தால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகும் வழி அடைபடும். பிறகு அதுவும் தரிசு, அதற்கும் கல். இது யாரோ அயலார் வந்து செய்வது இல்லை. கையெழுத்துப் போடுவது நாம்தான்.

எங்கள் குடும்பத்துக்கும் குளத்துக்குக் கீழே கொஞ்சம் வயல் உண்டு. மூன்று பங்கு. நெல் போட்டால் கூலி, உரம் போக மிஞ்சுவதை நான் கணக்கெழுதிக் காட்டினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு பங்கைப் போன வருடம் மருத்துவச் செலவுக்காக விற்றார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆபத்துக்கு உதவாத சொத்து எதற்கு? இன்னொரு பங்கு வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மகனுடையது. "நாமளும் வித்திரலாம் சித்தப்பா, ரிட்டயர் ஆனப்புறம் வந்து வேற வாங்கிக்கலாம்" என்றான். அவனிடம் நான் பாசத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சட்டத்தை மட்டும் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகளின்படி, வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. தோட்டமும் பண்ணை வீடும் அப்படியே. வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், வயல் வாங்க முடியாது. ஆனால் பரம்பரையாக வந்த வயலை வைத்துக்கொள்ளலாம். விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும். அதாவது, அங்கே இருக்கும்வரை, அப்பா வழி வந்த அந்த வயல்தான் உங்களுக்கு இங்கே இருக்கக்கூடிய வயல். அதை விற்றபின், அங்கே இருக்கும்வரை திரும்ப வாங்க வழி இல்லை. அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதேதான். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு, "பாட்டத்துக்கே கெடக்கட்டும் சித்தப்பா" என்றான். எத்தனை வருடம் கிடக்கும் என்று எனக்கு உறுதி இல்லை. எனக்குப் பிறகு பார்க்க ஆள் வேண்டும். இப்போதைக்கு இரண்டு பங்கில் நெல் நிற்கிறது, பக்கத்துப் பங்கில் கல் நிற்கிறது.

ஆகவே உங்களிடம் மூன்றே மூன்று கேட்கிறேன்.

ஒன்று, ஊர்க் கணக்கை உயிரோடு வைத்திருங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது நீங்களாகப் பணம் போடுங்கள் அல்லது எடுங்கள். வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோர் பெயரில் மறந்துபோன கணக்கு இருக்கிறதா என்பதை ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தில் தேடலாம். ரிசர்வ் வங்கி நிதிக்குப் போன பணத்தையும் உரியவரோ வாரிசோ அந்த வங்கிக் கிளையில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

இரண்டு, வயலை விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பிளாட்காரரிடம் கேட்பதற்கு முன்னால் பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவசரம் இல்லை என்றால் உழுகிற ஒருவருக்குப் பாட்டத்துக்குக் கொடுங்கள். பட்டாவை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கிற பட்டாவால்தான் பாதித் தகராறு.

மூன்று, தேருக்கு வருகிற நீங்கள் ஒருமுறை கன்னிப்பூ விதைப்புக்கு முன்னால் சித்திரையில் வாருங்கள். பிள்ளைகளுக்கும் அப்போது லீவுதான். குளமும் கால்வாயும் எப்படிக் கிடக்கின்றன என்று அவர்களை அழைத்துப்போய்க் காட்டுங்கள். உள்ளூரில் இருக்கும் நமக்கும் இதில் வேலை உண்டு. கால்வாயில் குப்பையைக் கொட்டிக்கொண்டே ஊர்ப்பாசம் பேச நமக்கு அருகதை இல்லை.

பழையாறு எந்தப் பாசமும் தெரியாமல் மணக்குடிக் காயலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்தத் தண்ணீர் போகிற வழியில் நம் வயலுக்குத் திரும்புவதற்கு ஒரு மடை வேண்டும். மடை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.