தோட்டத்துக்கு ஓர் உடற்பயிற்சிக் கூடம்
(பரிசளிப்பு விழா உரை)



பரிசுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் பொறுமையை நான் அதிகம் சோதிக்க மாட்டேன். விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேசப் போவது விளையாட்டுக்கு வேண்டிய பணத்தைப் பற்றி.

சென்ற ஆண்டு நம் இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து, "சார், பழைய ஆயாக் கொட்டகை சும்மாதானே கிடக்கு, அதுல உடற்பயிற்சிக் கூடம் வைக்கலாமே" என்றார்கள். அன்றிரவே ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். மிக உருக்கமாக எழுதினேன். ஆசிரியர் பயிற்சியில் எழுதிய கட்டுரைக்குக்கூட அவ்வளவு பாடுபட்டதில்லை. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் மன்றத்தின் பதிவு எண் என்ன? வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? இடத்துக்கு உரியவர் அனுமதி தந்திருக்கிறாரா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பிழை என்னுடையதே. மன்றம் ஒன்று இருந்தால்தானே எண் இருக்கும்!

பெரியோர்களே, மானியம் என்பது தனி ஆளுக்குக் கொடுக்கும் தருமம் அல்ல. கணக்குக் காட்டக்கூடிய ஓர் அமைப்புக்குத்தான் அது வரும். நம் நாட்டில் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி, விளையாட்டு மன்றங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு கூட்டம் போட வேண்டும், குறிப்பு எழுத வேண்டும், சட்டதிட்டம் வேண்டும், தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். பிறகு மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். ஒருவர் கையெழுத்தால் உடைந்த மன்றங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இடம் கம்பெனிக்குச் சொந்தம். ஆகவே மேனேஜரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. நாளைக்கே தோட்டம் கை மாறலாம், வீட்டு நிலமாகலாம். அதனால் மானியப் பணத்தைச் சிமெண்டிலும் கூரையிலும் போட வேண்டாம் என்பது என் கருத்து. லாரியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய சாமான்களாக வாங்குவோம்.

அப்படி என்ன சாமான்? கண்ணாடியும் மோட்டாரும் வைத்த பட்டணத்துக் கூடம் நமக்குத் தேவையில்லை. தூக்குவது, சுமப்பது, இழுப்பது, குந்தி எழுவது, இவைதாம் பயிற்சி. டிராக்டரின் பழைய டயர் பட்டறையில் கிடக்கிறது. மணல் மூட்டை நாமே கட்டலாம். கயிறு இருக்கிறது. "நாள் முழுக்கக் குலை தூக்குறோம், இதுக்கு மேல என்ன பயிற்சி வாத்தியாரே?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அண்ணாந்தே செம்பனை அறுக்கும் கழுத்தும், ஒரே பக்கம் வளைந்து பால் வெட்டும் இடுப்பும் உழைப்பால் தேய்கின்றன. வேலையில் அசையாத பக்கத்தை அசைப்பதுதான் இந்தப் பயிற்சி.

ஆகையால் விண்ணப்பத்தில் நாம் முதலில் கேட்க வேண்டியது இரும்பு அல்ல, ஆள். தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் முதல் நிலைப் பயிற்சிக்கு நம் பிள்ளைகளில் இரண்டு பேரை அனுப்பும் செலவு. அடுத்தது தரை விரிப்பு, எடைக் குண்டுகள், முதலுதவிப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் கடைக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்கி இணைக்க வேண்டும். கடிதம் மலாய் மொழியில் இருக்கட்டும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியும், மாவட்ட இளைஞர் விளையாட்டு அலுவலகமும் நமக்கு அருகில் உள்ளவை. 2018-இல் மித்ரா என்று பெயர் பெற்ற இந்தியர் பிரிவு விண்ணப்பத்துக்கு அழைக்கும்போது, எந்த வகைத் திட்டத்துக்கு என்று முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஓட்டக்காரப் பிள்ளைகளின் பாதை வேறு. பள்ளி, மாவட்டம், மாநிலம், பிறகு மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றப் போட்டி. அங்கே தெரியும் பிள்ளையைத்தான் புக்கிட் ஜாலில், பண்டார் பெனாவார் விளையாட்டுப் பள்ளிகள் தேடும். 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கினாரே, நடப்பதற்கும் ஒரு தங்கம் உண்டு என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

நம் ஆறாம் ஆண்டில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். வெறுங்காலோடு ஓடி மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். அவள் நற்சான்றிதழைக் கேட்டேன். அலமாரிக்கடியில் கரையான் தின்றுவிட்டதாம். தாய்மார்களே, ஒரு வெள்ளி கோப்பு ஒன்று வாங்கிப் பிள்ளையின் சான்றிதழ்களை வையுங்கள். "பொம்பளப் பிள்ளைய விடுதிக்கு அனுப்ப மாட்டோம்" என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். அதை என்னிடம் வந்து பேசுங்கள், வீட்டுக்கே வருகிறேன்.

வருகிற ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளி மண்டபத்தில் மன்றத்தின் முதல் கூட்டம். அடையாள அட்டையை எடுத்து வாருங்கள். என்னைச் செயலாளராகப் போடாதீர்கள். ஆசிரியருக்கு மாற்றல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. லயத்திலேயே இருக்கப் போகிறவர் யாராவது முன்வரட்டும். கடிதம் எழுத நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.