ஆறு டிராக், ஒரு ராத்திரி: கூத்து ரெக்கார்டிங் எடிட்டிங் டேபிளுக்கு வந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கொஞ்சம் டெக்னிக்கலா பேசப் போறோம். ஹெட்போன் மாட்டிக்கிட்டு பஸ்ல போறவங்களுக்கும் புரியற மாதிரிதான் சொல்வேன், பயப்படாதீங்க. ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு என்னோடது.

செய்யாறு பக்கம் ஒரு கிராமம். அம்மன் திருவிழாவுக்குத் தெருக்கூத்து, கர்ண மோட்சம். ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலை 6 மணி ஆகும். நானும் என் ஃப்ரெண்டும் ரெண்டு கேமரா, ஒரு மல்டிடிராக் ரெக்கார்டரோட போயிருந்தோம். ஆடுகளத்துக்கு மேல கயித்துல தொங்கவிட்ட மைக் ரெண்டு. மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, பின்பாட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மைக். மொத்தம் ஆறு டிராக்.

வீட்டுக்கு வந்து கார்டை கம்ப்யூட்டர்ல போட்டேன். முகவீணை டிராக்கைத் திறந்தா முதல் 20 நிமிஷம் ஒண்ணுமே இல்ல, வாசிக்கிறவர் இன்னும் வந்து உட்காரலை. 'இந்த வெத்து இடம் எதுக்கு'ன்னு வெட்டி சேவ் பண்ணிட்டேன். பின்பாட்டுலயும் அப்படித்தான். ஒவ்வொரு டிராக்கையும் எங்கெங்க காலியோ அங்கங்க 'சுத்தம்' பண்ணேன். மறுநாள் வேற ஷூட் இருந்தது, கார்டையும் ஃபார்மட் பண்ணிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஆறையும் டைம்லைன்ல அடுக்கி ப்ளே பண்ணா, கர்ணன் ஒரு பாட்டு பாடறார், மத்தளம் வேற ஏதோ சீனுக்கு அடிக்குது.

மல்டிடிராக் ரெக்கார்டர் ஆறு டிராக்கையும் ஒரே நொடியில ஆரம்பிக்குது, ஒரே கடிகாரத்தை வச்சு எழுதுது. மத்தளத்தோட ஒன்பதாயிரமாவது செகண்டும் முகவீணையோட ஒன்பதாயிரமாவது செகண்டும் ஒரே கணம். அந்த ஒத்துப்போற தன்மைக்காகத்தான் அந்த மெஷினையே வாங்கறோம். முன்னாடி இருக்கற காலி இடம்தான் அதுக்கு அளவுகோல். நான் வெட்டி எறிஞ்சது அந்த அளவுகோலை.

சரி, முறையா எப்படிச் செய்யணும்? முதல்ல யூஎஸ்பி விஷயம். ரெக்கார்டரை கேபிள்ல மாட்டினா பல மெஷின்கள் ஒரு கேள்வி கேட்கும்: ஆடியோ இன்டர்ஃபேஸா, கார்டு ரீடரா? புதுசா வர்றவங்க 'ஆடியோ'ன்னு பார்த்ததும் இன்டர்ஃபேஸை அழுத்திடுவாங்க. அது நேரடியா ஓடற சத்தத்தை கம்ப்யூட்டருக்கு அனுப்பற வழி. அந்த வழியில 8 மணி நேரக் கூத்தைக் கொண்டு வர 8 மணி நேரம் உட்காரணும். நமக்கு வேண்டியது ஃபைல். கார்டு ரீடர்னு தேர்ந்தெடுங்க, இல்ல கார்டையே கழட்டித் தனி ரீடர்ல போடுங்க. ஃபோல்டரை முழுசா, பேர் மாத்தாம காப்பி பண்ணுங்க. இன்னொரு டிஸ்க்குல ரெண்டாவது காப்பி. ரெண்டுலயும் ஃபைலைத் திறந்து, கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடுதான்னு பார்த்த பிறகுதான் கார்டு பக்கம் போகணும்.

எவ்வளவு இடம் பிடிக்கும்? 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்ல ஒரு மோனோ டிராக் மணிக்கு சுமார் 520 எம்பி. ஆறு டிராக், 8 மணி நேரம்னா கிட்டத்தட்ட 25 ஜிபி. சில ரெக்கார்டர்கள் ஃபைல் 2 ஜிபி ஆனதும் வெட்டி அடுத்ததைத் தொடங்கிடும். அந்தக் கணக்குல ஒரு டிராக் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ரெண்டா உடையும். பதறாதீங்க, முதல் துண்டோட வால்ல ரெண்டாவதை இடைவெளி இல்லாம ஒட்டினா போதும். 48 ஏன்னா, வீடியோ உலகத்தோட வழக்கம் அது. 44.1 சிடி காலத்து எண். எடிட்டிங் சாஃப்ட்வேர் தானா மாத்திக்கும்தான், ஆனா எங்கயாவது 44.1 ஃபைலை 48ன்னு தப்பா எடுத்துக்கிட்டா, பாட்டு கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமா ஓடி, சுருதியும் ஏறிடும்.

இன்னொரு வேடிக்கை. நாங்க டிராக்குக்கு ஒரு ஃபைல்னு எடுத்தோம். சில ரெக்கார்டர்கள் ஆறையும் ஒரே வேவ் ஃபைலா எழுதும். அதை எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டா, ஆறு சேனல்னு பார்த்ததும் அது 5.1 சரவுண்டுன்னு நினைச்சுக்கலாம். 5.1ல நாலாவது சேனல் சப்வூஃபருக்கானது. ஸ்டீரியோவா கேட்கும்போது அந்த சேனலை அடிக்கடி விட்டுடுவாங்க. நம்ம வரிசையில நாலாவது ஆர்மோனியம். மொத்தக் கூத்துலயும் ஆர்மோனியத்தைக் காணோம்! இம்போர்ட் பண்ற இடத்துலயே 'ஆறும் தனித்தனி மோனோ'ன்னு சொல்லிடுங்க.

அடுத்தது படத்தோட சேர்க்கறது. கேமராவோட சொந்த மைக்கை அணைச்சுடாதீங்க. அது கேட்க மோசமா இருக்கும், ஆனா டாவின்சி ரிசால்வ், பிரீமியர் மாதிரி சாஃப்ட்வேர்கள் அந்த அலைவடிவத்தைப் பார்த்துத்தான் நம்ம டிராக்கைப் பொருத்தும். ஒரு கைதட்டு இருந்தா இன்னும் நல்லது.

ஆனா கேமரா எங்க நிக்குதுன்னு கவனிக்கணும். சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 25 ஃப்ரேம் வீடியோவுல ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட், அதுக்குள்ள சத்தம் தாண்டறது 14 மீட்டருக்குள்ள. எங்க ரெண்டாவது கேமரா கூட்டத்துக்குப் பின்னாடி ஏறக்குறைய அவ்வளவு தூரத்துல இருந்தது. அதோட மைக்குக்குச் சத்தமே ஒரு ஃப்ரேம் லேட்டாத்தான் போய்ச் சேருது. சாஃப்ட்வேர் அதுக்கேத்தபடி நம்ம டிராக்கையும் லேட்டா உட்கார வைக்கும். ஆறையும் ஒண்ணா ஒரு ஃப்ரேம் முன்னாடி நகர்த்தினா, மத்தளத்துல கை விழறதும் சத்தமும் ஒண்ணு சேரும்.

அப்புறம் நழுவல். கேமராவுக்கு ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்கு ஒரு கடிகாரம், ரெண்டும் அச்சா ஒண்ணா ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம்னு வச்சுக்குவோம். ஒரு மணி நேரத்துல 180 மில்லிசெகண்ட், அதாவது நாலரை ஃப்ரேம். எட்டு மணி நேரத்துல கிட்டத்தட்ட ஒன்றரை செகண்ட். சாயங்காலம் பார்த்தா சரியா இருக்கும், விடியும்போது கர்ணன் வாயசைச்ச அப்புறம் பாட்டு வரும். அதனால ஒரே முறை பொருத்திட்டு விடாதீங்க. கேமராவுல ஒவ்வொரு கிளிப்பையும் தனித்தனியா பொருத்துங்க. அரை மணி நேர கிளிப்னா பிசகு ரெண்டேகால் ஃப்ரேம், நடுவுல பொருத்தினா ரெண்டு முனையிலயும் ஒரு ஃப்ரேம் சொச்சம்தான். நீளமா ஓட்டியே ஆகணும்னா ரீப்பர் மாதிரி ஆடியோ சாஃப்ட்வேர்ல ஆறையும் குரூப் பண்ணி, ஒரே அளவுல இழுங்க. வித்தியாசம் 0.005 சதவீதம். வீடியோ சாஃப்ட்வேரோட ஸ்பீட் பெட்டியில பெரும்பாலும் இவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. செல்போன் வீடியோ இருந்தா இன்னொரு தலைவலி. அதுல ஃப்ரேம் ரேட்டே நிலையா இருக்காது. ஹேண்ட்பிரேக்ல போட்டு நிலையான ரேட்டுக்கு மாத்திட்டு ஆரம்பிங்க.

சரி, என் வெட்டின டிராக்குகள் என்ன ஆச்சு? காப்பாத்தினது மத்தளம். எந்த மைக்கும் தன் ஆள் சத்தத்தை மட்டும் கேட்காது. முகவீணை மைக்குலயும், பின்பாட்டு மைக்குலயும், பின்னணியில மத்தளம் மெலிசா விழுந்திருந்தது. ஒரு பலமான அடியைத் தேடி, அதோட முனையை எல்லா டிராக்குலயும் ஜூம் பண்ணி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிறுத்தினேன். முகவீணைக்காரர் மத்தளத்துல இருந்து மூணு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தார், அதனால இந்த முறையில அவர் ஒரு 9 மில்லிசெகண்ட் முன்னாடி வந்துடுவார். காதுக்குத் தெரியாதுன்னு விட்டுட்டேன். டிராக்குக்கு நடுவுலயும் வெட்டியிருந்தேனே, அங்கெல்லாம் திரும்பவும் ஒரு அடி தேடணும். மூணு ராத்திரி ஆச்சு. பின்பாட்டுல மூணு மணி வாக்குல ஒரு இடம் இன்னும் சரியா உட்காரலை, அந்த சீனுக்கு கேமரா சத்தத்தையே போட்டிருக்கேன்.

முடிச்சதை வாத்தியாருக்கு அனுப்பினேன். கேட்டுட்டு போன் பண்ணார். "தாளமெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா நம்ம கூத்து மாதிரி இல்லையே, ஆளாளுக்கு ஒரு ரூம்ல உட்கார்ந்து பாடற மாதிரி இருக்கே?" அவர் சொன்னது சரி. கிட்ட வச்ச மைக்குகள் அப்படித்தான் ஒலிக்கும், தெருவோட காத்து அதுல இருக்காது. ரெண்டு தொங்கற மைக்கையும் ஏத்தி மறுபடியும் மிக்ஸ் பண்ணிட்டிருக்கேன். அது அடுத்த எபிசோட்ல.