பார்ப்பதன் விலை: லினக்ஸ் கெர்னலில் தடம் பதித்தலும் மேற்செலவும்



இந்தச் சொற்பொழிவை நடத்துவது, தங்கள் ஆசிரியரின் நினைவாக மாணவர்கள் சேர்ந்து நிறுவிய அறக்கட்டளை. மின்சுற்று ஆய்வகத்தில் வோல்ட்மீட்டரை இணைத்ததும், "இப்போது நீ அளப்பது பழைய சுற்றை அல்ல, மீட்டரும் சேர்ந்த சுற்றை" என்பாராம் அவர். மீட்டரும் சிறிது மின்னோட்டம் குடிக்கும் அல்லவா? அதே சிக்கல் மென்பொருளிலும் உண்டு. அதை லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் எப்படிக் கையாண்டது என்பதே என் இன்றைய பொருள்.

1. ஒரு வரிக்கு 7 மில்லிநொடி

கெர்னலுக்குள் எந்தச் செயற்கூறு எப்போது அழைக்கப்பட்டது, எந்த வேலை எந்தச் செயலியில் ஓடியது என்று குறித்துவைப்பதைத் தடம் பதித்தல் என்கிறோம். இதற்குப் பழைய வழி, பிரின்ட்கே என்ற கெர்னல் செயற்கூறு மூலம் ஒரு வரி அச்சிடுவது. 1,15,200 பாட் வேகமுள்ள சீரியல் கன்சோலில் ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம் நொடிக்கு 11,520 எழுத்துகள் போகும். 80 எழுத்து கொண்ட ஒரு வரிக்கு ஏறக்குறைய 7 மில்லிநொடி ஆகும். அதற்குள் 3 கிகாஹெர்ட்ஸ் செயலி 2 கோடிக்கும் மேற்பட்ட சுழற்சிகளை முடித்துவிடும்.

நேரம் போவது மட்டுமல்ல நட்டம். இரண்டு செயலிகள் ஒரே தரவுக்கு முந்திக்கொள்வதால் வரும் பிழை, அச்சிடும் வரியைச் சேர்த்ததும் மறைந்துவிடும். எடுத்ததும் திரும்பி வரும். தேடும் செயலே தேடும் பொருளை விரட்டிவிடுகிறது.

2. ஒன்றும் செய்யாத ஐந்து பைட்

2008 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 2.6.27-இல் ஸ்டீவன் ரோஸ்டெட் உருவாக்கிய எஃப்டிரேஸ் என்ற தடம் பதிக்கும் வசதி இடம்பெற்றது. ஜிசிசி கம்பைலருக்கு ஒரு தேர்வைக் கொடுத்தால், ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் எம்கவுன்ட் என்ற செயற்கூற்றுக்கு ஓர் அழைப்பைச் செருகிவிடும். அந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டால் கெர்னலின் நடமாட்டம் முழுவதும் தெரியும்.

ஆனால் தடம் பதிக்காத நேரத்திலும் அந்த அழைப்பு நடக்கும். போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவதற்கே ஏறத்தாழ 13 விழுக்காடு வேகம் குறைந்தது என்று ரோஸ்டெட் அளந்து சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பரிசோதகர் ஏறி, ஒரு டிக்கெட்டையும் பார்க்காமல் இறங்கினால் பேருந்து தாமதமாகுமா ஆகாதா? அந்தக் கதைதான்.

அவர் கண்ட தீர்வு எளிமையானது. எக்ஸ்86 செயலியில் அந்த அழைப்பாணை 5 பைட் நீளம். அந்த இடத்தில், எதுவும் செய்யாமல் கடந்துபோகச் சொல்லும் 5 பைட் ஆணை ஒன்றை எழுதிவிடுவது. தடம் தேவைப்படும்போது, வேண்டிய செயற்கூறுகளில் மட்டும் அழைப்பை மீண்டும் எழுதுவது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் தன் உடலைத் தானே திருத்திக்கொள்கிறது.

3. கைதவறிய கதை

இந்தத் துணிச்சலுக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளில், இன்டெல் இ1000இ நெட்வொர்க் கார்டுகளின் நிலைநினைவகம் அழிந்து கார்டுகள் செயலிழந்தன. முதலில் எல்லோரும் கார்டின் டிரைவரைத்தான் சந்தேகித்தார்கள். குற்றவாளி எஃப்டிரேஸ்.

அப்போதைய முறையில், அழைப்பு நடந்த முகவரிகளை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு ஒரு பின்னணி வேலை வந்து அவற்றைத் திருத்தும். இந்த இடைவெளியில், ஒரு மாட்யூலின் தொடக்கப் பகுதி பயன் முடிந்து விடுவிக்கப்பட்டிருக்கும். அதே முகவரி நெட்வொர்க் கார்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். எஃப்டிரேஸ் பயன்படுத்தியதோ, ஒப்பிட்டுப் பொருந்தினால் மட்டும் எழுதும் ஆணை. சாதாரண நினைவகத்தில் அது பாதுகாப்பானது; சாதனத்தின் நினைவகத்தில் அப்படி நடக்கும் என்று உறுதியில்லை. 2.6.27.1 பதிப்பு இந்த வசதியைத் தடைசெய்தது. அடுத்த முக்கியப் பதிப்பிலிருந்து, கெர்னலைத் தொகுக்கும்போதே முகவரிப் பட்டியலைத் தயாரித்து, தொடங்கும்போதே திருத்தும் முறை வந்தது. செலவைக் குறைக்கும் எந்த உத்தியும் சரியாக இருந்தால்தான் அது சிக்கனம், இல்லையேல் கடன்.

4. கேள்வியையே நீக்குதல்

எஃப்டிரேஸ் செயற்கூற்றின் வாசலில் நிற்கிறது. உள்ளே குறிப்பிட்ட நிகழ்வுகளைப் பார்க்க, மத்தியூ டெனுவாயே உழைப்பில் வந்த டிரேஸ்பாயின்ட்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் ஒவ்வொன்றும், "நான் இயக்கப்பட்டிருக்கிறேனா?" என்று நினைவகத்தில் ஒரு மாறியைப் படித்து முடிவெடுக்கும். கேள்வி சிறியதுதான், நொடிக்கு லட்சக்கணக்கான முறை கேட்டால் சிறியதல்ல. 2.6.37 முதல் ஜேசன் பேரனின் ஜம்ப் லேபிள் உத்தி வந்தது. கேள்வி இருந்த இடத்தில் ஒன்றும் செய்யாத ஆணை நிற்கும். இயக்கும்போது மட்டும் அது தாவலாணையாக மாறும்.

2018-இல் செயலிகளில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. இயக்கப்பட்ட டிரேஸ்பாயின்ட், அழைக்க வேண்டிய முகவரியை நினைவகத்திலிருந்து படித்து மறைமுகமாக அழைக்கும்; ஸ்பெக்டர் தடுப்புகளால் இத்தகைய மறைமுக அழைப்புகளின் செலவு கூடியது. 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பு, டிரேஸ்பாயின்ட்களில் அவற்றை நேரடி அழைப்புகளாக்கியது.

5. எழுதும்போதும் சிக்கனம்

இயக்கிய பிறகும் செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். அதற்குத்தான் ரிங் பஃபர், அதாவது வளையமாகச் சுழலும் பதிவேடு. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பதிவேடு என்பதால், எழுதுபவர் யாரும் இன்னொருவருக்காகப் பூட்டின் முன் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு நிகழ்வின் தலைப்பும் வெறும் 32 பிட். அதில் 5 பிட் வகைக்கும் நீளத்துக்கும். 27 பிட், முந்தைய நிகழ்விலிருந்து கடந்த நேரத்துக்கு. நானோநொடியில் கணக்கிட்டால் 134 மில்லிநொடி வரை அதில் அடங்கும். இடைவெளி அதைத் தாண்டினால் மட்டும் கூடுதல் இடம். முழு நேரத்தையும் ஒவ்வொரு முறையும் 64 பிட்டில் எழுதத் தேவையில்லை. படிக்கத்தக்க வரியாக மாற்றும் வேலையும் எழுதும்போது நடப்பதில்லை. யாராவது படிக்க வரும்போதுதான் நடக்கிறது.

நண்பர்களே, இத்தனை உத்திகளுக்கும் அடியில் ஒரே நீதி இருக்கிறது. பார்ப்பவர்தான் பார்ப்பதற்கான செலவை ஏற்க வேண்டும். பார்க்காதவர் தலையில் அதைக் கட்டக் கூடாது. அந்த நீதி காக்கப்பட்டதால்தான், பெரும்பாலான லினக்ஸ் சர்வர் கெர்னல்களில் இந்த வசதி எப்போதும் உள்ளேயே இருக்கிறது. நள்ளிரவில் சிக்கல் வரும்போது புதிய கெர்னலைத் தேடி ஓட வேண்டியதில்லை.

நாளை நீங்கள் எழுதும் மென்பொருளிலும் பதிவு வரிகள் இருக்கும். அவற்றை இயக்கி ஒரு முறை அளவெடுங்கள். அணைத்து ஒரு முறை. அடியோடு நீக்கி ஒரு முறை. பின்னிரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் உங்கள் பயனர் நாள்தோறும் தம்மை அறியாமல் செலுத்திக்கொண்டிருக்கிறார். அதைச் சுழியத்துக்கு அருகே கொண்டுவாருங்கள் என்று கேட்டு அமைகிறேன்.