கறிவேப்பிலைக்கு மருந்தடிக்காதீர்கள்

வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். புதுவீடு கட்டியவர்கள் முதலில் கேட்பது புல்தரைதான். சித்திரை வெயிலில் அதற்கு அன்றாடம் தண்ணீர் காட்ட வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் தெருவில் இது தேவையா, நீங்களே சொல்லுங்கள்.

நம்ம ஊர்ச் செடிகள் வேறு ரகம். வேர் பிடிக்கும்வரை கவனித்தால் போதும், கோடையைத் தாமே கடந்துவிடும். ஆனால் எனக்கு அவற்றின்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் தண்ணீர் இல்லை, பட்டாம்பூச்சி.

தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில், "தம்பி, கறிவேப்பிலையை ஏதோ மொட்டையடிக்குது, மருந்து அடிச்சு விடுங்க" என்றார் வீட்டம்மா. கொத்தை வளைத்துப் பார்த்தேன். இலைமேல் காக்கை எச்சம் போல ஒன்று. பக்கத்திலேயே பச்சையாக, விரல் பருமனில் இன்னொன்று. இரண்டும் ஒரே இனத்துப் பட்டாம்பூச்சியின் புழுதான். சின்னதில் எச்ச வேஷம், வளர்ந்தபின் இலை நிறம். "குச்சியால லேசா தொடுங்கம்மா" என்றேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீண்டது, கூடவே ஒரு வீச்சம். அந்த அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார்!

வேஷம் அதோடு தீரவில்லை, கேளுங்கள். ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று வளரும் வேறொரு பட்டாம்பூச்சி உண்டு. கொடியின் நஞ்சு அதன் உடம்பில் தங்குவதால் பறவைகள் அதைத் தொடாது. கறிவேப்பிலைப் பூச்சியின் பெண்களில் சில, நஞ்சே இல்லாமல், அதைப் போலவே சிவப்புப் புள்ளிச் சிறகோடு பறந்து தப்பிக்கின்றன. அதனால் நான் கறிவேப்பிலை வைக்கிற வீட்டில் வேலியோரம் ஈஸ்வரமூலியையும் ஏற்றிவிடுவேன். அசலும் நகலும் ஒரே முற்றத்தில் பறக்கும். மருந்து மட்டும் அடிக்காதீர்கள். தின்ற கொத்து தானே துளிர்க்கும்.

அடடா, நேரம் நெருங்குகிறது. வேலிக்கு நொச்சி, ஆடாதொடை. இரண்டையும் ஆடு கடிக்காது. கடலோர வீட்டுக்குப் புன்னை, உப்புக்காற்றைத் தாங்கும். செங்காந்தள் வைத்தால் கிழங்கு நஞ்சு, பிள்ளைகள் பத்திரம். புரட்டாசிக்குள் குழி எடுத்துவிட்டால் ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இந்த மழைக்காவது உங்கள் வாசலில் ஒரு மகிழங்கன்று நிற்கட்டும்.