சித்திரம் சொல்லும் அளவு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சித்திரக்கதையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறோம். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த பொருளை மேடைக்கே கொண்டுவந்துவிட்டார்களே என்று எண்ணுகிறீர்கள் போலும். உண்மைதான். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாளில் அக்குற்றத்துக்காக வாங்கின்மேல் ஏறி நின்றவர்களே நாம்.

சென்ற ஆண்டு எமது அம்மம்மாவுக்கு இருமல் விடாது நீடித்தது. மார்பை எக்ஸ் கதிர்ப்படம் எடுத்து வரும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்தார். அம்மம்மா மறுத்துவிட்டார். "கதிர் உடம்புக்குள்ளை போனால் திரும்பி வராதாம். எனக்கு வேண்டாம் மோனை" என்பது அவர் வாதம். சர்வகலாசாலையிற் பௌதிகம் பயிலும் நாம் சும்மா இருப்போமா? அலைநீளம், சக்தி, அயனாக்கம் என்று அரைமணி நேரம் விளக்கினோம். முடிவில் அவருடைய பயம் இரட்டித்தது. நாட்கள் கழிந்தன, இருமலும் கூடியது.

அப்போதுதான் ஒரு படம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவிலே றண்டால் மன்றோ என்பவர் 2005ஆம் ஆண்டு முதல் எக்ஸ்கேசிடி என்னும் பெயரில் இணையத்திற் சித்திரங்கள் வெளியிட்டு வருகிறார். பௌதிகம் பயின்று நாசாவில் வேலை பார்த்தவர். அவர் வரையும் மனிதருக்கு முகமே இல்லை. ஒரு வட்டமும் சில கோடுகளுந்தான். 2011 மார்ச்சிலே யப்பானில் நிலநடுக்கமும் கடற்கோளும் ஏற்பட்டுப் புக்குஷிமா அணு உலைகள் சேதமுற்றபோது, கதிரைப் பற்றிய பீதி உலகெங்கும் பரவியது. எவ்வளவு கதிர் என்று விளங்கும்படி சொல்வார் அரிதாயினர். அவ்வேளையில், ரீட் கல்லூரியின் ஆராய்ச்சி உலையை இயக்கிய தோழி ஒருவரின் துணையுடன் மன்றோ அந்தப் படத்தை வரைந்தார். (அவ்வுலையை இயக்குவோரிற் பெரும்பாலோர் பட்டப்படிப்பு மாணவராம். நமக்கோ அமிலப் போத்தலைத் தொடுவதற்கும் அனுமதி வேண்டும்!)

படத்திலே இருப்பவை சிறு சதுரங்களே. ஒரு வாழைப்பழம் உண்டால் 0.1 மைக்ரோ சீவர்ட். சாதாரண மனிதன் ஒரு நாளில் இயற்கையாகவே பெறுவது 10. மார்புப் படம் ஒன்று 20. நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸுக்கு விமானத்திற் பறந்தால் 40. இந்த நீலச் சதுரங்கள் அனைத்தும் சேர்ந்து அடுத்த பகுதியிலே சில பச்சைச் சதுரங்களாய்ச் சுருங்கிவிடும். பச்சையும் அவ்வாறே சுருங்கும். உயிரைக் கொல்லும் அளவு வெகு தூரத்துக்கு அப்பால், சீவர்ட் கணக்கிலே இருக்கிறது. ஆபத்து இல்லை என்று அப்படம் சொல்லவில்லை. எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறது. சொல்லினால் "உண்டு", "இல்லை" என்று வாதாடலாம். "எவ்வளவு" என்பதைக் கண்ணே அறிய வேண்டும்.

இதே மன்றோ 2016இற் பூமியின் வெப்பநிலையை நீண்டதொரு படமாக வரைந்தார். கி.மு. 20,000இலிருந்து கோடு ஆறுதலாக இறங்கி வருகிறது. விரலால் தள்ளித் தள்ளிக் கை களைத்த பின், கடைசி நூற்றாண்டிலே கோடு திடீரென வலப்பக்கம் பாய்கிறது. "காலநிலை முன்னும் மாறியதுதானே" என்போருக்கு அந்தக் களைப்பே விடை.

படமும் பொய் சொல்லும் என்பதை மறைக்கமாட்டோம். விளைச்சல் இரட்டித்தது என்று நெல்மூட்டையின் உயரத்தையும் அகலத்தையும் இரட்டித்து வரைந்தால், கண்ணுக்கு நான்கு மடங்காகத் தெரியும். 1925இல் வியன்னாவிலே நூதனசாலை தொடங்கிய ஒட்டோ நொய்ராத் இதனை உணர்ந்தே, உருவைப் பெரிதாக்காமல் ஒரே அளவான உருக்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்.

நாமும் அவ்வாறே செய்தோம். நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்துப் பின்புறத்தில் ஒரு கட்டம் கீறி, "அம்மம்மா, நீங்கள் முற்றத்திலை சும்மா இருந்தாலும் மண்ணாலும் வானத்தாலும் ஒரு நாளைக்கு வாற கதிர் இது" என்றோம். பக்கத்தில் இரண்டு கட்டம் கீறி, "படம் எடுத்தால் இவ்வளவு" என்றோம். நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "ரண்டு நாளோ? இதுக்கே அண்டைக்கு அவ்வளவு கத்தினனீ?" என்றார்.

மறுநாளே படம் எடுத்தாயிற்று. நுரையீரலிற் சளி கட்டியிருந்தது, மருந்தோடு குணமாயிற்று. இப்போது தொல்லை வேறு. மாலையில் வாழைப்பழம் கொடுத்தால், "இதிலையும் கதிராம்" என்று தள்ளி வைக்கிறார். அதற்கும் படம் கீற முயன்றோம். ஒரு நாட்கட்டத்தில் நூறிலொரு பங்கு. எமது பென்சிலுக்கு அவ்வளவு சிறிய கட்டம் வரவில்லை.