நோயில் மறைந்த சபராளிச் சிப்பாய்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சபராளி இல்லாத வீடு நம் ஜமாஅத்தில் அரிது. ஆகவே, கடல்கடந்து பிழைக்கச் சென்று, சென்ற நாட்டின் சிப்பாயாகி, நோயுற்று மறைந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் சரிதையை இன்று தங்கள் முன் வைக்க விழைகிறேன். அவர் பெயர் புக்கம் சிங். நம் மார்க்கத்தவர் அல்லர், பஞ்சாப் சீக்கியர். எனினும் அவர் பட்ட பாடு சபர் சென்ற எவருக்கும் விளங்கும்.

1893-ஆம் ஆண்டு மாஹில்பூரில் பிறந்த அவர், 1907-இல், மீசை அரும்பாத வயதில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கரையிறங்கினார். சிறு வயதிலேயே மணம் முடித்து வைக்கப்பட்ட மனைவி ஊரிலேயே தங்கிவிட்டார். அதே 1907-இல் அம்மாகாணம் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறித்தது. மறு ஆண்டே ஓர் ஆணை பிறந்தது: சொந்த நாட்டிலிருந்து இடையில் கப்பல் மாறாமல் நேரே வருவோர்க்கே அனுமதி. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரே செல்லும் கப்பலோ கிடையாது! இந்தியர் என்ற சொல்லையே எழுதாமல் இந்தியரைத் தடுத்த தந்திரம் இது. அங்கிருந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் வழியும் இதனால் அடைபட்டது.

1914 மே மாதம் 'கொமகாட்டா மாரு' என்னும் கப்பல் 376 பயணிகளுடன் வன்கூவர் துறைமுகத்தை அடைந்தது. அவர்களுள் 24 பேர் முஸ்லிம்கள். மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைக் கரையில் கால் வைக்க விடவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பின் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. அதற்காகக் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2016-இல்தான்.

கப்பல் திரும்பிய சில நாட்களிலேயே முதல் உலகப் போர் மூண்டது. அப்போது புக்கம் சிங் ஒன்டாரியோ மாகாணத்தில் பண்ணைக் கூலியாக இருந்தார். 1915-இல் கனடாப் படையில் சேர்ந்தார். அப்போரில் அப்படையில் சேவை செய்த சீக்கியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. தம் இனத்தாரைத் துறைமுகத்திலிருந்து துரத்திய நாட்டுக்காக அவர் ஏன் துப்பாக்கி ஏந்தினார்? கூலிக்காகவா, மரியாதைக்காகவா? நாம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. வாக்குச் சீட்டுக்கு ஆகாதவர் துப்பாக்கிக்கு ஆனார் என்பது மட்டும் உண்மை.

1916-இல் பிளாண்டர்ஸ் களத்தில் இருமுறை காயமுற்றார். முதலில் குண்டுச் சிதறல் தலையில் பட்டது. இரண்டு மாதங்களுக்குள் துப்பாக்கிக் குண்டு காலில் பாய்ந்தது. ஜான் மெக்ரே என்னும் கவிஞரான மருத்துவர் பணியாற்றிய இராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். இரு காயங்களும் ஆறின. ஆனால் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் காசநோய் பற்றிக்கொண்டது. குண்டு செய்யாததைக் கிருமி செய்தது. மெக்ரேயும் 1918 ஜனவரியில் நுரையீரல் அழற்சியால்தான் இறந்தார்.

காசநோய்க்கு அன்று மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943-இல். ஓய்வும், தூய காற்றும், நல்ல உணவுமே அன்றைய வைத்தியம். கனடாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அவர், ஒன்டாரியோவின் கிச்செனர் நகர மருத்துவமனையில், 1919 ஆகஸ்ட் 27 அன்று, இருபத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார். அருகில் உற்றார் எவருமில்லை. இந்தியர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம் என்று கனடா இசைந்ததும் அதே 1919-இல்தான். வாக்குரிமை திரும்பியதோ 1947-இல்.

அதன்பின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அவரை நினைப்பாரில்லை. இங்கிலாந்தில் ஓர் அடகுக்கடைக்கு வந்த போர்ப் பதக்கத்தின் விளிம்பில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அதனை வாங்கிய சீக்கிய ஆய்வாளர் ஒருவர் ஏடுகளைத் தேடிக் கல்லறையைக் கண்டறிந்தார். முதல் உலகப் போரில் கனடாவுக்காகப் போரிட்ட சீக்கியருக்குக் கனடா மண்ணில் உள்ளதாக அறியப்பட்ட ஒரே கல்லறை அதுவே. பதக்கத்தில் பெயர் இல்லாதிருந்தால் அதுவும் தெரிந்திராது.

சகோதரர்களே! நம் கபரஸ்தான் பதிவேட்டில் இங்கு அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்களே உள்ளன. மலேயாவிலும் பர்மாவிலும் வளைகுடாவிலும் அடங்கியவர்களின் பெயர்கள் இல்லை. அதற்கெனத் தனிப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறோம். பெயர், தகப்பனார் பெயர், சென்ற நாடு, மறைந்த ஆண்டு, அடங்கிய இடம் ஆகியவற்றுள் தெரிந்தவரை எழுதி, ஜும்ஆவுக்குப் பின் மோதினார் அவர்களிடம் கொடுங்கள். பழைய கடிதமோ பாஸ்போர்ட்டோ இருந்தால் அதன் நகலும் போதும்.