தோற்ற ஓட்டத்தின் வரைபடம்

(பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



தேர்வு முடிவுகள் வந்து பத்து நாளாகிறது. நம் மஹல்லாவில் சில வீடுகளில் பிள்ளைகளோடு இன்னும் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்விப்படுகிறேன். அதனால் இன்று ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கிரிக்கெட் இல்லை, பயப்படாதீர்கள்!

ஓரியன்டீரிங் என்று அதற்குப் பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன், நார்வே நாடுகளில் ராணுவப் பயிற்சியாகத் தொடங்கியது. கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் இருக்கும். காட்டுக்குள் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி வைத்திருப்பார்கள். அவற்றை வரிசை மாறாமல் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றிலும் பதிவு செய்துகொண்டு ஓடிவர வேண்டும். ஒரு கொடியைத் தவறவிட்டால் போச்சு, எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும் கணக்கில் சேராது.

தோற்றவர் பிறகு என்ன செய்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு கொடிக்கும் அடுத்த கொடிக்கும் இடையே எத்தனை நிமிடம் ஆனது என்ற கணக்கு அவருக்குக் கிடைக்கிறது. வரைபடத்தை விரித்து, தான் போன வழியைப் பேனாவால் கோடிழுக்கிறார். மூன்றாவது கொடியிலிருந்து நான்காவதற்குப் போகும்போது ஓடையைப் பாதை என்று நினைத்துவிட்டார், ஆறு நிமிடம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்ற இடங்களிலெல்லாம் நன்றாகவே ஓடியிருப்பார். ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்ற எண்ணம், ‘அந்த ஓடையருகே நான் நின்று பார்த்திருக்க வேண்டும்’ என்று சுருங்கிவிடுகிறது.

‘அப்படிச் செய்திருந்தால்’ என்று நடந்ததை எண்ணிப் புலம்புவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே என்று ஆலிம்கள் கேட்கலாம். புலம்பல் வேறு, முஹாஸபா வேறு. முன்னது கத்ரோடு சண்டை போடுவது, பின்னது அடுத்த ஓட்டத்துக்கான ஆயத்தம்.

சில தோல்விகளில் ஓடியவர்மீது பிழையே இராது. பிரான்ஸைச் சேர்ந்த தியரி ஜார்ஜியு இந்த விளையாட்டில் பல முறை உலகப் பட்டம் வென்றவர். 2008-இல் செக் நாட்டில் உலகப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு தேனீ வாய்க்குள் போய்க் கொட்டிவிட்டது. ஓட்டம் அத்தோடு முடிந்தது. மறு ஆண்டு ஹங்கேரியில் அதே தொடர் ஓட்டம். ஸ்வீடன் வீரர் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் மரக்கிளை குத்தி ஆழமாக இறங்கியது. ஜார்ஜியுவும், நார்வே, செக் வீரர்கள் இருவரும் பதக்கத்தை மறந்து அவருக்கு உதவ நின்றுவிட்டார்கள். ஸ்விட்சர்லாந்து வென்றது. நின்றவர்களின் நாடுகள் பட்டியலில் வெகு கீழே கிடந்தன. பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அவர்கள் ஏன் பின்தங்கினார்கள் என்று தெரியுமா? 2011-இல் சொந்த நாட்டிலேயே ஜார்ஜியுவின் அணி அந்தத் தங்கத்தை வென்றது. வெல்லாமல் போயிருந்தாலும் அவர் ஹங்கேரியில் நின்றது சரிதான்.

நம் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும் அப்படித்தான். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு தேர்வெழுதிய பெண்பிள்ளை இந்த ஊரில் இருக்கிறாள். அவளையும், வருடம் முழுக்கப் போனில் கிடந்த பையனையும் ஒரே வார்த்தையால் ஏசினால் அது என்ன நியாயம்?

பிழை பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். உஹதில் மலைக்கணவாயில் நிறுத்தப்பட்ட அம்பெய்வோர் 50 பேரில் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கியதால் எவ்வளவு பெரிய இழப்பு! எழுபது பேர் ஷஹீதானார்கள், நபியவர்களே காயம்பட்டார்கள். அதற்குப் பிறகும் அவர்களிடம் மென்மையாக நடக்கவும், மன்னிக்கவும், ஆலோசனையில் சேர்த்துக்கொள்ளவும்தான் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் கட்டளை வந்தது. மறுநாளே அந்தக் காயங்களோடு ஹம்ராவுல் அஸத் வரை நபியவர்களுடன் புறப்பட்டுப் போனவர்களும் அதே தோழர்கள்தாம்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் இருப்பார்கள். மதிப்பெண் பட்டியலோடு வினாத்தாள்களையும் எடுத்து வாருங்கள், எந்தப் பாடத்தில் எந்தப் பகுதியில் வழி தவறியது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். மறுதேர்வுக்கான கட்டணம் சிரமமாக இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், வெளியே தெரியாது. அத்தாமார்களும் கூட வாருங்கள். பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு டீக்கடையில் நிற்க வேண்டாம்.